மச்சானின் ஈரத்துணி

என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், பஸ் டிப்போவில் முப்பது வருடம் கண்ணாடி துடைத்தவர். வேலையை விட்டு வந்தும் தோளை விட்டு ஈரத்துணி இறங்கவில்லை. டம்ளர், கதவு, தூங்கும் பூனை, எது கிடைத்தாலும் துடைப்பார். ஒருமுறை பேச்சோடு பேச்சாக என் மூக்கைத் துடைத்தார். அன்றைக்குச் சப்பையானதுதான் இந்த மூக்கு.

மாடியில் ஒன்பது தொட்டிகளில் வெள்ளரி போட்டார். துணி காயப்போட இடமில்லை என்று அக்காவுக்கு எரிச்சல்.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு காயாவது கண்ணுல காட்டுங்க. இல்லன்னா அத்தனை தொட்டியும் கீழ போயிடும்" என்று கெடு வைத்தாள்.

மறுவாரமே ஒரு கொடியின் இலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. மச்சான் விடுவாரா? துணியை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல இலை இலையாகத் துடைத்தார். அடுத்த கொடிக்கும் அதே துணி. பத்தே நாளில் எட்டுக் கொடிகள் பவுடர் அப்பிய மாப்பிள்ளை மாதிரி நின்றன.

"மாப்ளே, நான் துடைக்கத் துடைக்க எவனோ மாவு கொட்டிட்டுப் போறான்."

"ஊருக்கே உங்க மேல பொறாமை மச்சான், வேற என்ன."

ஓர் இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

"சாம்பல் நோய்ங்க. இது பூஞ்சையில ஒரு குடும்பம். செடி மேலயே உக்காந்து செடியையே உறிஞ்சித் திங்கும்."

அக்கா வீட்டிலேயே தங்கிச் சாப்பிடும் என்னை மச்சான் ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"தெனமும் துடைச்சேங்க."

"எல்லாத்தையும் ஒரே துணியாலயா?"

மச்சான் பெருமையாகத் தோளைக் காட்டினார். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொடிதாங்க அதுக்கு விதை. நீங்களே ஒவ்வொரு செடிக்கும் கொண்டுபோய் விதைச்சிருக்கீங்க."

மருந்து அடித்தும் பலனில்லை. மாதக் கடைசியில் அக்கா துணி காயப்போடப் புதுக் கயிற்றோடு மாடியேறினாள். எட்டுத் தொட்டிகள் இறங்கின. ஒன்பதாவது, இடம் போதாமல் முதல் நாளே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் தள்ளி வைத்தது. அந்தச் சந்தில் மச்சானின் தொப்பை நுழையாது. எட்டிப் பார்த்தால், பச்சைப்பசேல் என்று கொடி; அதில் விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு.

மச்சானின் கை தானாகத் தோளுக்குப் போனது. அக்கா துணியைப் பிடுங்கிவிட்டாள்.

"காய் இருக்கு, ஒத்துக்கறேன். இந்தத் தொட்டி இருக்கட்டும். ஆனா நீங்க இந்தப் பக்கமே வரக் கூடாது."

புதுக் கயிற்றில் முதலில் காய்ந்தது அந்தத் துணிதான்.