அப்பா செய்த பச்சைப் பாஸ்தா

எங்கள் வீட்டில் அரிசி அளப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று ஆழாக்கால் அளந்து கொட்டிய பிறகு, அம்மா கையை விட்டு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவாள். யாருக்கு என்று கேட்டால், "வர்றவங்களுக்கு" என்பாள். யாரும் வராவிட்டால் காலையில் அது பழையது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அந்தக் கூடுதல் பிடி இல்லாமல் உலை கொதித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் புதன்கிழமை அப்பாவின் கையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா பிரான்ஸில் இருந்தார். எங்கள் ஊரான ஏம்பலத்தில் இதைச் சொன்னால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். யாரைக் கேட்டாலும் அங்கே ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பார். ஆனால் நண்பர்களான மூன்று மாமாக்களோடு ஒரே அறையில் கும்மாளம் போடும் அப்பா எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் வாய்த்திருந்தார். காரைக்கால் மாமா ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிரியாணி போடுவார். யாழ்ப்பாணத்து மாமா குளிக்கப் போனால் பாடி முடித்துத்தான் வெளியே வருவார். பாகூர் மாமா சீட்டாட்டத்தில் தோற்றுத் தோற்று எந்நேரமும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அப்பா போனில் கூப்பிடுவார். இங்கே நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்திருப்போம். அன்றன்றைக்கு அந்த மாமாக்கள் அடித்த கூத்தை அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்குவதே தெரியாது. வீடியோவில் காட்டுங்கப்பா என்று கெஞ்சினால், "இங்க நெட்டு சரியில்ல பாப்பா" என்பார். பிரான்ஸில் போய் நெட்டு சரியில்லையா என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது கிடையாது.

அந்தத் தடவை அவர் மூன்று வருடம் கழித்து லீவில் வந்தார். வந்த முதல் வாரம் வீடு கல்யாண வீடாக இருந்தது. பிறகு ஒரு பேச்சு மெல்ல நுழைந்தது. திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம், பைக்கிலேயே போய் வந்துவிடலாமாம். அப்பா யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "மாடி கம்பியோட நிக்குது. பெரியவ நர்சிங் படிக்கணும்ன்றா. அங்க சேக்காளிங்களோட ராஜா மாதிரி இருந்துட்டு, இங்க வந்து ஷிப்ட்டு பாக்கப் போறீங்களா? இன்னும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கினு இருந்துட்டு வாங்க."

"பல்லக் கடிக்கறதுக்கு இன்னா இருக்கு. ஜாலியாத்தான் இருக்கேன்" என்று அப்பா சிரித்து மழுப்பிவிடுவார்.

எனக்கு அப்பா வேண்டும். ராத்திரி அவர் முதுகில் காலைப் போட்டுத் தூங்குவதற்கு வேண்டும். ஆனால் அவர் இங்கேயே இருந்துவிட்டால் மாமாக்களின் கதைக்கு எங்கே போவது? இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமாக்களும் மூட்டை கட்டிக்கொண்டு ஏம்பலத்துக்கே வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்து, அம்மாவிடம் சொல்லி ஒரு கொட்டு வாங்கிக்கொண்டேன்.

பச்சைப் பாஸ்தா பேச்சை எடுத்ததும் நான்தான். போனில் அப்பா அடிக்கடி சொன்ன பெருமை அது. "இன்னிக்கி என் முறை பாப்பா. பச்ச எலய அரச்சி பாஸ்தா செஞ்சேன். நாலு பேரும் சட்டிய வழிச்சிட்டோம்." அந்த நீள நூல் பாஸ்தா பாக்கெட் ஒன்று அவர் பெட்டியில் வந்திருந்தது. கூடவே ஒரு ஆலிவ் எண்ணெய் பாட்டிலும், துவைக்காத காலுறை வாடையில் ஒரு சீஸ் கட்டியும். ஒரு வாரமாக நான் நச்சரித்தேன். புதன்கிழமை சாயங்காலம் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சரி, இன்னிக்கி அடுப்பாண்ட நான்தான். யாரும் குறுக்க வரக்கூடாது" என்றார்.

ஆரம்பமே தகராறு. இலைக்கு அவர் பின்பக்கக் குழாயடியில் முளைத்திருந்த திருநீற்றுப் பச்சிலையைக் கிள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அதைக் கனகாம்பரத்தோடு சேர்த்துத் தொடுப்பார்கள், சாமிக்குச் சாத்துவார்கள். அரைத்துச் சாப்பிட்ட ஆளைக் கண்டதில்லை.

"சாமிக்குக் கட்டறதப் போயா துன்னுவாங்க?" என்றாள் அம்மா.

"அங்க விக்கிற எல இதுக்குக் கூடப் பொறந்ததுதான்டி. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

அடுத்தது எண்ணெய். அது குழந்தைகளுக்குத் தடவுவது என்று நினைத்து அம்மா எதிர்வீட்டுப் பிள்ளை பெற்றவளுக்குப் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தாள். அப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார். இலையைக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றினார். பூண்டை உரித்தார். முந்திரியை லேசாகச் சூடு காட்டினார். காரட் துருவியில் சீஸைத் துருவினார். எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு விட்டு விட்டு ஓட்டினார். ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி இலை கறுத்துவிடுமாம். கடைசியில் எண்ணெய். எங்கள் வீட்டு அடுக்களையில் அப்பா அப்படி வளைய வருவதை அம்மா கதவோரம் நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்து அவள் பார்த்ததில்லையாம்.

அரைத்ததைக் கிண்ணத்தில் வழித்து வைத்துவிட்டு, மிக்சி ஜாரைக் கழுவ அப்பா பின்பக்கம் போனார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "இன்னா பிரான்சு, இன்னிக்கி நீதான் சமையலா?" என்று பிடித்துக்கொண்டார். அப்பா திரும்பி வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

அம்மா கிண்ணத்தை மோந்து பார்த்தாள். முகம் கோணியது. பச்சைப் பூண்டு, பச்சை இலை. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுத்தரும்போதே சொல்லித்தருவது பச்சை வாடை போக வதக்கு என்பதுதான். அம்மா கிண்ணத்தை அப்படியே இரும்புச் சட்டியில் கவிழ்த்து, எண்ணெய் பிரிகிற வரைக்கும் சுருளச் சுருள வதக்கினாள். போதாதென்று கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தாள். பச்சையாக இருந்தது கறுப்பாகி, சீஸ் அடியில் பிடித்து, புகை வந்தது.

அப்பா உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார். "வதக்கிட்டியா?"

"பின்ன? பச்ச வாட குமட்டுது. நீங்க மறந்துட்டீங்கன்னு..."

அப்பா ஈர ஜாரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "ஐயோ, இத வதக்கவே கூடாதுடி! அந்தப் பச்ச வாடதான்டி இதுக்கு உசுரு!" கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அம்மாவுக்கும் பற்றிக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் குலுங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. இப்போதும் ஏதாவது தாளிக்கும் வாசனை வந்தால் அந்தச் சிரிப்புக்காக மனசு ஏங்குகிறது.

மறுபடி இலை கிள்ளி, மறுபடி அரைத்தார் அப்பா. மனிதர் நல்ல குஷியில் இருந்தார். அம்மாவைச் சீண்டிக்கொண்டே தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கை நிறைய உப்புப் போட்டார். பாஸ்தா பாக்கெட்டைப் பிரித்தார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக வைத்து, அந்த வளையத்துக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு பிடி உருவினார், உலையில் போட்டார். பாக்கெட்டின் வாயைச் சுருட்டி, ஆணியில் தொங்கிய ரப்பர் பேண்டை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, மேல் தட்டில் வைத்தார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கையைப் பார்க்கவே இல்லை அவர்.

வெந்ததும் வடித்து, வடித்த தண்ணீரில் ஒரு கரண்டியும் பச்சை விழுதும் விட்டுப் பிசறினார். ஒரு தட்டில் கொட்டினார். ஒரு தட்டுதான் வந்தது. அந்தத் தட்டோடு கீழே உட்கார்ந்து, அதைத் தன் பக்கம் இழுத்து, முள்கரண்டியைச் சுழற்றி, முதல் வாயை எடுக்கப் போனார். அப்புறம்தான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"எங்களுக்கு எங்கப்பா?" என்றேன்.

அப்பா தட்டைப் பார்த்தார். "அடச்சே. மறந்தே போயிட்டேன் பாரு" என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு பேருக்குச் செய்வேன்னு பீத்திக்கினீங்களே. காரைக்கால் மாமா இத்தினியூண்டு வெச்சா சும்மா விடுவாரா?" நானும் சேர்ந்து சிரித்தேன். வருகிறவர்களுக்கென்று ஒரு பிடி கூடப் போடாவிட்டால் போகட்டும், பெற்ற பிள்ளைகளுக்கே அளக்கத் தெரியவில்லையே இவருக்கு! அப்பாவும் சிரித்தார். ஆனால் சற்று முன் சட்டியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை அது.

அம்மா சிரிக்கவில்லை. மேல் தட்டிலிருந்த பாக்கெட்டை எடுத்தாள். அந்த ரப்பர் பேண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வடித்த தண்ணீரையே மறுபடி கொதிக்கவிட்டு, ரப்பர் பேண்டைக் கழற்றி, பாக்கெட்டில் இருந்த அத்தனையையும் அதில் கவிழ்த்தாள். "எதுக்குடி இவ்ளோ?" என்றார் அப்பா. "இருக்கட்டும்" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா எல்லோரும் எழுந்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள். அன்றைக்கு அப்பாவின் பக்கத்தில் முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அந்தப் பாஸ்தா கோயில் மாலையைப் பிய்த்துத் தின்றதுபோல இருந்தது. அவளுக்கும் பிடித்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒரு நூல் மீதி வைக்காமல் சாப்பிட்டாள். நடுநடுவே தன் தட்டிலிருந்து எடுத்து எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது குழாயடியில் அம்மாவின் குரல் கேட்டது. "போவாதீங்க. திருவாண்டார்கோயில் வேலயே போதும். கம்பி நின்னா நின்னுட்டுப் போவட்டும்."

"இன்னாடி திடீர்னு? டிக்கெட்டு போட்டாச்சி. பெரியவ படிப்பு கீதே."

"வேணாங்க."

"அங்க எனக்கு இன்னா கொற? அவனுங்கள்லாம் இருக்கானுங்களே."

அம்மா, "காரைக்கால்காரரு இன்னும் பிரியாணி போடறாரா?" என்று கேட்டாள்.

"போடாம? ஞாயித்துக்கெழம ஆனா அதான்."

"சரி" என்றாள் அம்மா. "இந்த ஒரு வருசம்தான். அப்பறம் நீங்க வரலன்னா நான் அங்க வந்து நிப்பேன், சொல்லிட்டேன்."

பச்சை இலையை வதக்கிக் கெடுத்த கோபத்தில்தான் அப்பா கிளம்புகிறார் என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்பா புறப்படும்போது நாலு பாட்டிலில் ஊறுகாய் போவது வழக்கம். காரைக்கால் மாமாவுக்கு எலுமிச்சை. யாழ்ப்பாணத்து மாமாவுக்கு மாங்காய். பாகூர் மாமாவுக்குப் பூண்டு. அப்பாவுக்கு நார்த்தங்காய். யாருக்கு எது பிடிக்கும் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டு அம்மா போட்டு அனுப்புவாள். காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை. அந்தத் தடவையும் எழுதிக்கொண்டு போனேன். நாலு பாட்டிலிலும் நார்த்தங்காயே இருந்தது.

"காரைக்கால் மாமாவுக்கு எலுமிச்சதானம்மா புடிக்கும்?"

அம்மா மூடியைத் திருகிக்கொண்டே, "இனிமே அவங்க எல்லாருக்கும் நார்த்தங்காதான் புடிக்கும். நீ பேர ஒட்டு" என்றாள். ஒட்டினேன்.

அப்பா போனபின் போனில் அம்மாவின் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "சாப்ட்டீங்களா?" என்பாள். இப்போது, "எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து "ம், எல்லாரும் சாப்ட்டோம்" என்று வரும். நான் போனைப் பிடுங்கி மாமாக்களையும் கேட்டதாகச் சொல்லச் சொல்வேன். "சொல்றேன் பாப்பா" என்பார் அப்பா.

சொன்னபடி ஒரே வருடத்தில் அப்பா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மாடிக் கம்பி அப்படியே நின்றது. அவர் பெட்டியைத் திறந்ததும் நான்தான் முதலில் கையை விட்டேன். சட்டைகளுக்கு நடுவில் அந்த நாலு பாட்டில்கள் இருந்தன. நான் ஒட்டிய பெயர்கள் மூலை கிழியாமல் அப்படியே இருந்தன. நாலும் துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவித் துடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக அம்மாவிடம் தூக்கிக் காட்டினேன். காரைக்கால் மாமா காலி. யாழ்ப்பாணத்து மாமா காலி. பாகூர் மாமாவும் காலி. "நீ சொன்னது சரிதாம்மா! எல்லாருக்கும் நார்த்தங்கா புடிச்சிப் போச்சி!" என்று கூடம் அதிரக் கத்தினேன். அம்மா பாட்டில்களை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாதான் திரும்பி வந்துவிட்டாரே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.