அப்பாக்களுக்கான அரை மணி நேரம்

எங்கள் ஊர் புக்கிட் செந்தோசா மண்டபத்தில் அப்பாக்களுக்கான பிள்ளை வளர்ப்பு வகுப்பு தொடங்கிய முதல் சனிக்கிழமை, பாதிக்கு மேல் நாற்காலிகளில் அம்மாக்கள்தான் உட்கார்ந்திருந்தார்களாம். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. அனுப்பியவன் நான்தான். பள்ளிக்கூடம், கிளினிக், கையெழுத்துப் போடுகிற சமாச்சாரம் எதுவானாலும் எங்கள் பக்கம் பொம்பளைகள்தான் போவார்கள். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவனுக்கு எதற்கு வகுப்பு?

"நீங்களேதான் வரணுமாம் லா. என்னையத் திருப்பி அனுப்பிட்டாங்க, மானம் போச்சு!" என்று வீட்டுக்கு வந்ததும் பையை நாற்காலியில் வீசினாள்.

அடுத்த வாரம் போனேன். "இந்த வயசுல ஸ்கூலுக்குப் போறியா லா?" என்று கூட்டாளி ஒருவன் வழியிலேயே கிண்டலடித்தான். மண்டபத்தில், ஆய்வுக்காக என்று சொல்லி ஓர் இளம்பெண் கேள்வித்தாளோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க மகளோட நெருங்கின தோழி யாரு, அண்ணே?"

தெரியாது.

"உங்க மக எதுக்குப் பயப்படுவாங்க?"

அதுவும் தெரியாது. அவள் பிறந்த எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கடைசியில் வீட்டுப்பாடம் வேறு கொடுத்தார்கள்: தினமும் அரை மணி நேரம், போனை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டும்.

அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆலை வாசலில் லோரியோடு மூன்று மணி நேரம் வரிசையில் கிடப்பவன் நான். ஆனால் மகள் பக்கத்தில் முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் படம் வரைவாள், பேசமாட்டாள். நான் காலை ஆட்டுவேன், சாவியை உருட்டுவேன், வாசலில் லோரி டயரைப் பார்க்க எழுந்து போவேன், திரும்பி வருவேன். என்னிடம் பேசாமலே இவள் வளர்ந்துவிடுவாளோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் அவளே வாய் திறந்தாள். ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினேன்.

"அப்பா, அரை மணி ஆயிருச்சு. நீங்க போலாம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக அரை மணி. இத்தனை நாளும் படம் வரைந்தபடியே எனக்காக மணி பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சாவியை மேசைமேல் வைத்தேன்.

"அப்பா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்மா."

அவள் பென்சிலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.