வரவேற்புக்கு ஒரு பிஸ்தா பால்

குளிர்ந்த கண்ணாடி டம்ளர் விரல்களில் ஈரமாக வழுக்கியது. உள்ளே வெளிர்பச்சையாக நுரைகட்டி நின்ற பிஸ்தா பாலிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. டம்ளரை ஆசையோடு பிடித்திருந்தேனா பயத்தோடு பிடித்திருந்தேனா என்று கேட்டால், பயத்தோடுதான். நாங்கள் நின்றுகொண்டிருந்தது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கல்யாண வரவேற்பில்.

வீரபாண்டியில் நாலு நிட்டிங் மெஷின் வைத்துத் துணி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, அக்காவின் வரவேற்புக்கு என்ன விருந்து வைப்பது, அதை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் குன்னத்தூரில் தோட்டம் வைத்திருந்தவர்கள். "வர்றவங்களுக்குக் குடிக்கறதுக்கு எதாச்சும் புதுசாக் குடுத்தா நல்லாருக்குமுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது. அப்போதெல்லாம் சமையல்காரர்கள் ருசி காட்டுவதற்கென்று தனியாகச் சமைப்பதில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மண்டபத்துல நம்ம சமையல்தானுங்க. குடும்பத்தோட வந்து பந்தியில உக்காந்து சாப்புட்டுப் பாருங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் நாங்கள் பார்த்த சமையல் மாஸ்டர். அப்பாவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனோம்.

ஆட்டோவில் போகும்போது அம்மா என் கன்னத்தைத் திருப்பிச் சொன்னாள்: "யாராச்சும் கேட்டா பொண்ணு ஊட்டுச் சொந்தம்னு சொல்லிப்போடு கண்ணு. சத்தம் கித்தம் போடாம அக்கா கையப் புடிச்சுட்டு நில்லு." மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அந்தப் பொய்யை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுகூட, கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அந்தப் பாலை நான் பாதி குடித்திருப்பேன். முதலில் உதடு அரித்தது, பிறகு நாக்கு. வீட்டில் பாயசத்து முந்திரியைத் தின்றாலும் அப்படித்தான் அரிக்கும். சொன்னால் "வாய்க்கொழுப்பு" என்று அம்மா திட்டுவாள் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. பிஸ்தா என்ற பொருளோ எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. அப்பாவும் மாஸ்டரும் தோசை போடும் இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பஜ்ஜியைப் பிட்டு எண்ணெய் குடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் தொண்டைக்குள் யாரோ துணியைச் சுருட்டித் திணிப்பதுபோல் இருந்தது. சொன்னால் சத்தமாகிவிடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டேன். சாவது எப்படியிருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்பா தலைகுனிந்து நிற்பது எப்படியிருக்கும் என்று மட்டும் தெரியும்.

என் கை சில்லிட்டதை அக்காதான் முதலில் உணர்ந்தாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தவள், நாதஸ்வரத்தையும் மீறிக் கத்தினாள்: "அம்மா! இவளுக்கு மூச்சு வரலைம்மா!"

கூட்டம் சூழ்ந்தது. நான் பயந்தது அத்தனையும் அப்படியே நடந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "யாரு ஊட்டுக் கொழந்தைங்க?" என்று கேட்டார். கல்யாணப் பெண்ணின் அப்பா அவர். என் அப்பா மாஸ்டரை விட்டுவிட்டு ஓடி வந்து நின்றார். அவர் ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். "எந்த ஊட்டுக் கொழந்தையா இருந்தா என்னங்க? வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

வாசலில் உடனே எடுக்க முடிந்த வண்டி மாப்பிள்ளைக்காக அலங்கரித்த கார் ஒன்றுதான். ரோஜாச் சரங்கள் ஜன்னலில் அடித்துக்கொள்ள, ஊசிக் காதுபோல் சிறுத்துவிட்ட ஒரு துளை வழியே நான் மூச்சை இழுத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டை இளகியது. "முந்திரி ஒத்துக்காதவங்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்காது. இதுக்கு முன்னாடி முந்திரி சாப்பிட்டு வாய் அரிச்சிருக்கா?" என்று டாக்டர் கேட்டதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் அப்பா போய், நாங்கள் சொந்தமில்லை, அழைப்பும் இல்லை, சாப்பாட்டைப் பார்க்க வந்தவர்கள் என்று கைகூப்பிச் சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "அதுக்கென்னங்க? ஆனா ஒருத்தரும் சாப்புடாமயே வந்துட்டீங்களே" என்றார்.

வீடு திரும்பியதும் அடுத்த பயம் அம்மாவுக்கு வந்தது. தங்கைக்கு இப்படி ஒரு சீக்கு என்று குன்னத்தூருக்குத் தெரிந்தால் சம்பந்தம் என்ன ஆகும் என்று. மாப்பிள்ளை வீட்டாரே ஆசைப்பட்டால் பிஸ்தா பாலையே வைத்துவிடலாம், இவளை மட்டும் ஓர் அறையில் உட்கார வைத்துவிடலாம் என்று அவள் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவும் கேட்டாள். அவளே குன்னத்தூருக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "முந்திரி, பிஸ்தா எதுவும் நம்ம விருந்துல வேண்டாமுங்க அத்தை" என்றாள். "நம்ம தோட்டத்துல எளநீ இருக்குது கண்ணு, அதைச் சீவிக் குடுத்தாப் போச்சு. கொழந்தைக்கு இப்ப எப்படி இருக்குது?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மண்டபம் இப்போது இல்லை. இடித்துவிட்டுத் துணிக் கிடங்கு கட்டிவிட்டார்கள். முகம் தெரியாதவர் கல்யாணத்துக்குள் போய்ப் பந்தியில் உட்கார்ந்து ருசி பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. போன மாதம் அக்கா மகளின் வரவேற்புக்குச் சமைக்கப்போகிறவர்களின் ஏசி அறை ஒன்றில் ருசி பார்க்க உட்கார்ந்தோம். சின்னச் சின்னக் கிண்ணங்களில் எல்லாம் வந்தன. யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எழுதிக்கொடுக்க ஒரு படிவம்கூட இருந்தது. எழுதிக்கொடுத்தேன். டை கட்டிய இளைஞன் ஒருவன் ரோஜா நிற பானத்தை வைத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒப்பித்தான். இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரு வாய் குடித்தேன். பிறகு என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மெனுவைப் பார்த்துக்கொண்டே மேசைக்கடியில் என் கையைப் பிடித்தாள். நான் அடுத்த வாய் குடிக்கும்வரை விடவில்லை.