பூனைக் காயினை விற்ற வெள்ளிக்கிழமை

ஆழ்வார்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நானும் பாயும் ஒன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். கண்ணைப் பரிசோதிப்பது என் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவருடையது. ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மச்சி என்பார்.

மீம் காயின் பைத்தியம் முதலில் பிடித்தது என்னைத்தான். கொட்டாவி விடும் பூனையின் படம் போட்ட கிரிப்டோ காயின். யாரோ கிண்டலுக்கு ஆரம்பித்தது. 'இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று அதன் இணையப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். பாயிடம் காட்டினேன்.

"பரவால்ல மச்சி, உண்மைய சொல்றானே," என்று சிரித்தார்.

நான் போட்ட இருபதாயிரம் ஒரு மாதத்தில் மூன்று மடங்கானது. இன்னும் போட்டேன். மதியம் சாப்பிடும்போதெல்லாம் ஃபோனை அவர் பக்கம் திருப்பி வைப்பேன். அவராக ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தச் சமயம் பாய் குடியிருந்த வீட்டை இடிக்கப்போகிறோம் என்று ஓனர் காலி செய்யச் சொல்லியிருந்தார். மனைவி, இரண்டு பெண்களோடு அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார் பாய். திரும்பக் கிடைத்த அட்வான்ஸ் பேங்கில் இருந்தது. கோட்டூர்புரத்தில் பார்த்த வீட்டுக்கு அதைவிட அதிகம் கேட்டார்கள்.

"அட்வான்ஸ் பணத்த ரெண்டு வாரம் பூனைல போட்டு எடுத்தா சரியாப் பூடுமா மச்சி?"

"தாராளமா," என்றேன். அவர் ஃபோனில் கணக்குத் திறந்து கொடுத்ததும் நான்தான்.

பத்து நாள் ஏறியது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார், கடையில் யாரும் இல்லை. ஃபோனைப் பார்த்தேன். காலையில் இருந்த விலையில் பாதிகூட இல்லை. என்னுடையது எல்லாவற்றையும் விற்றேன். மணி ஒன்றேகால்.

பள்ளிவாசல் ஐந்து நிமிட நடை. வாசலில் போய் நின்றிருந்தால், அவர் வெளியே வந்ததுமே சொல்லியிருக்கலாம். கடைக் கதவு வரை போனேன். இப்போது விற்றாலும் அவர் போட்ட பணம் முழுதாக வராது. போடச் சொன்னவன் நான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு வந்தார். "பூனை எப்படிக் கீது?"

"கொஞ்சம் எறங்கியிருக்கு பாய். ஏறிடும்."

"நீ வெச்சுக்கினுதானே கீற?"

"ம்," என்றேன்.

சாயங்காலம் வரை அது இறங்க இறங்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடை மூடும்போது அதை வாங்க ஆளே இல்லை.

திங்கட்கிழமை வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து பிரியாணி கொண்டுவந்தார். "உன்னுதும்தானே பூட்ச்சு. வுடு மச்சி, சாப்டு," என்றார். சாப்பிட்டேன்.

எட்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. மூத்த பெண்ணின் பரீட்சை சமயத்தில் ஏதோ சண்டையாகி, அவர் மனைவியும் அண்ணியும் ஒரே வீட்டுக்குள் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். அன்று பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் நின்றுவிட்டார். "எத்தினி மணிக்கு வித்தே?"

"ஒண்ணேகாலுக்கு."

"ரெண்டு மணிக்கு உன்னாண்ட கேட்டேனே."

விற்று வந்ததை முழுக்கக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என எங்கோ ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன்.

"குடு. வேணாம்னு சொல்ற நெலமைல நான் இல்ல," என்றார்.

கொடுத்தேன். அவர் இழந்ததில் பாதிக்குமேல் வந்தது. இரண்டு மாதத்தில் தி.நகரில் வேறு கடைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளவில்லை.

அடையாறில் சின்னதாக ஒரு வீடு கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போனேன். பாய் "வா" என்றார், அவ்வளவுதான். அவர் மனைவிதான் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"உங்களுக்கும் நஷ்டமாம். அப்படியிருந்தும் கடன் வாங்கி எங்களுக்குக் குடுத்தீங்களாமே அண்ணா. இவர் சொன்னாரு. கூடப்பொறந்தவங்ககூடச் செய்ய மாட்டாங்க."

நான் பாயைப் பார்த்தேன். அவர் பழப்பையைப் பிரித்து, தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பரவாயில்லைங்க," என்றேன்.