ஒரே நாளில் நோன்பும் பெருநாளும்

காலை வானொலியில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒருவர் வாசிப்பார். இன்ன மன்னன் முடிசூடினான், இன்ன மதகுரு மறைந்தார், இன்ன ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். மதமும் அரசியலும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எங்கள் வீட்டு அடுப்படிக் குசினியிலேயே பார்த்தவள்.

எண்பதுகளின் தொடக்கம். கிழக்கிலங்கையில் கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒன்று ஆளுங்கட்சிப் பள்ளிவாசல், மற்றது எதிர்க்கட்சிப் பள்ளிவாசல். அல்லாஹ் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. என் தகப்பன், வாப்பா, முதல் பள்ளியின் நிர்வாகி. என் அக்கா ராத்தாவைக் கட்டிய மச்சானின் குடும்பம் மற்றப் பள்ளி. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். கலியாணத்துக்குப் பிறகு வரும் முதல் பெருநாளில் மாமனார் எடுத்துக் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, மாமனாரோடு தொழப் போகவேண்டும்.

அது ராத்தாவின் முதல் பெருநாள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். தொழுகை முடிந்து மச்சான் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்வதென்று அந்தச் சந்தோஷத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

நோன்பின் இருபத்தொன்பதாம் நாள். மறுநாள் ஒரு மந்திரி, எங்கள் பள்ளிக்கு மண்டபம் கட்ட அடிக்கல் நாட்ட வருவதாக இருந்தது. பெருநாள் கூட்டம் இருந்தால் அவருக்குக் கண் நிறையும். அன்று மாலை மேற்கே வயல்வெளிக்கு மேல் ஒரே மேகம். பெருநாளுக்கான பிறை தென்படவில்லை என்றது வானொலி. எங்கள் பெரிய மனிதர்களுக்கு வானொலியைவிடக் கண் கூர்மை. எதிரே நிற்கும் மாட்டையே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற ஓர் ஆள், மேகத்துக்குள் பிறையைக் கண்டதாகச் சத்தியம் செய்தார். வாப்பா அந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டார். மற்றப் பள்ளியோ நோன்பு முப்பதையும் பூர்த்தி செய்வதாக அறிவித்தது. அவர்கள் சொன்னதும் மார்க்கத்துக்காக அல்ல, மந்திரியின் முகத்தில் கரி பூசத்தான்.

காலையில் என் தாய், உம்மா, பெருநாள் பலகாரமான வட்டிலப்பத்தை மேசையில் வைத்தார். மச்சான் நோன்போடு உட்கார்ந்திருந்தார். புது உடுப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

“பெருநாளண்டைக்கு நோன்பு புடிக்கிறது ஹறாம் மகன். எழும்பி உடுப்பப் போடுங்க” என்றார் வாப்பா.

“பிறை காணாம நோன்ப விடுறதும் ஹறாம்தான் மாமா.”

பிறகு இரண்டு பேரும் ராத்தா பக்கம் திரும்பினார்கள்.

“நீ திண்ணு புள்ள.”

“நீ நோன்போட இரி.”

ராத்தா இருவரையும் பார்த்தாள். “எனக்கு இண்டைக்குத் தொழுகை இல்ல” என்றாள்.

மாதவிலக்கு நாளில் பெண்ணுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அதற்கு மேல் எந்தக் கட்சியும் வாய் திறக்க முடியாது. வாப்பா பெருமூச்சு விட்டார். மச்சானின் முகம் செத்துப்போனது. அவரும் மனதுக்குள் நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எழும்பித் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

மந்திரி, மாலைத் தொழுகையான அசருக்குப் பிறகு வந்தார். வந்தவர் எல்லாருக்கும், இரண்டு மாதம் கழித்து வரவேண்டிய ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாழ்த்துச் சொன்னார். ஒருவரும் திருத்தவில்லை. ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழங்கினார்கள். வாப்பா முன்வரிசையில் நின்று கைதட்டினார் என்று கேள்விப்பட்டதும் நான் ராத்தாவிடம் போனேன்.

“பெரிய சங்கதியச் சொல்லியிருக்கலாமே ராத்தா. வயித்துல புள்ள இருந்தா நோன்ப விடலாந்தானே?”

“இவங்கட சண்டைக்குள்ள போடவா கா அல்லாஹ் எனக்குப் புள்ளையத் தந்தான்?”

அடுத்த நாள் மச்சானின் பெருநாள். தொழுதுவிட்டு வந்தவரிடம் ராத்தா சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

“நேத்து ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை. நான் எத நம்புற?”

மேகத்துக்குள் பிறை கண்டவரின் சத்தியத்தைப் பாதி ஊர் ஒரே மாலையில் நம்பியது. ராத்தாவின் சொல்லை நம்ப, அவள் வயிறு வெளியே தெரியும்வரை மச்சானுக்குப் பொறுக்கவேண்டியிருந்தது.