இரண்டு பேருக்கு ஒரு கம்பி

தொண்ணூறுகளின் நடுவில், பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்து இறங்கியது. அதை ஓட்ட இரண்டு பெண்களைப் பொறுக்கினார்கள். ஒருத்தி நான், கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவள். இன்னொருவர் வீரபாண்டிக்கார அக்கா.

அறையின் நீளத்துக்குத் தையல் மெஷின் தலை போன்ற ஊசித் தலைகள் வரிசையாக இருந்தன. முன்புறம் நெடுக ஒரு கம்பி ஓடியது. எங்கே நின்று அதை வலது பக்கம் நகர்த்தினாலும் எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குத்தத் தொடங்கும். இடது பக்கம் நகர்த்தினால் நிற்கும். நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று, அந்தத் தலையில் சிவப்பு விளக்கு எரியும். பம்பாயிலிருந்து வந்த டெக்னீஷியன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். திரும்பச் செய்யச் சொன்னார், செய்து காட்டினோம். கற்றுக்கொண்டுவிட்டோம் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

ஒரு முனையில் அக்காவும் மறுமுனையில் நானும் நிற்போம். ஒருநாள் அக்கா பக்கம் நூல் அறுந்து மெஷின் நின்றது. நின்ற நேரத்தில் என் பக்கத்துத் துணியில் பிசிறு வெட்டிவிடலாம் என்று ஊசிக்குக் கீழே கையை விட்டேன். அக்கா நூலைக் கோத்துவிட்டுக் கம்பியை நகர்த்தினார். ஊசி என் ஆட்காட்டி விரலைத் துளைத்து உள்ளேயே ஒடிந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அக்காவின் அலறல்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசித் துண்டை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது டெக்னீஷியனை வரவழைத்திருந்தார்கள். அவர் பழைய பாடத்தையே மறுபடி நடத்தினார்: கம்பியைத் தொடும் முன் எல்லாத் தலையையும் பார்க்க வேண்டும். நூல் கண்டுகளும் தலைகளும் மறைக்க, அந்த முனையில் நிற்பவருக்கு இந்த முனையில் இருக்கும் கை எப்படித் தெரியும்?

பின்னாளில் பயிற்சி நிலையமொன்றில் சொல்லிக்கொடுக்கப் போனபோது செயல்பாட்டுக் கோட்பாடு என்ற ஒன்றைப் படித்தேன். ஒருவரையும் அவர் கையிலிருக்கும் கருவியையும் மட்டும் பார்த்தால் கற்றல் புரியாது. எதற்காகச் செய்கிறார், யாரோடு வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார், எந்த விதிக்குக் கட்டுப்படுகிறார் என்று சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றது அது. படிக்கும்போதே அந்த மெஷின் கண்முன் வந்தது. அந்தக் கம்பி, ஒரே ஆள் நடந்து நடந்து ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. எங்கள் கம்பெனியிலோ வேலை வேகமாக நடக்க, ஆளுக்குப் பாதியாகப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பயம் மட்டும் தெரிந்தது.

அக்காவுக்கு என்னைவிடப் பயம். "என்ற கைதானே கம்பியத் தள்ளுச்சு கண்ணு," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். நாங்களாக ஒரு வழி வைத்துக்கொண்டோம். கம்பியைத் தொடும் முன் அவர், "கைய எடுத்துட்டியா?" என்பார். நான், "எடுத்தாச்சுக்கா" என்பேன். அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

அதுவும் பொய்த்தது. பக்கத்து அறையில் யாரோ யாருக்கோ "ஆச்சுக்கா" என்று குரல் கொடுக்க, அக்கா அதை என் பதிலாக எடுத்துக்கொண்டார். கம்பி அசைவதைப் பார்த்த நொடியில், உள்ளே இருந்த கையை இழுத்தேன். ஊசிகள் வெறும் துணியைக் குத்தின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் பாய் ஓடிவந்தார். கெட்டவர் இல்லை. ஷிப்மெண்ட் தவறினால் அவரைத்தான் கேட்பார்கள்.

"இல்லீங்க பாய், இனி நா கம்பியத் தொடமாட்டேனுங்க," என்றார் அக்கா.

"பாத்து ஓட்டுங்கம்மா. வேற என்னம்மா பண்றது?"

"நீங்க அந்தக் கடைசில போயி ஊசிக்கடியில கைய வையுங்க. நா இங்க நிக்கறேன்."

பாய் என் முனைக்கு வந்தார். கையை நீட்டினார். அக்கா பக்கம் எட்டிப் பார்த்தார்; அக்காவின் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. கை பாதியில் நின்றது. பிறகு அதைச் சட்டைப் பையோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"மெஷின் ஆஃப்லயே இருக்கட்டும்," என்றார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். மெஷினைப் பிரித்தால் கேரண்டி போய்விடும் என்று டெக்னீஷியன் போனில் தடுத்தும், பாய் முதலாளியிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டார். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு சுவிட்ச் வைத்தார்கள். இரண்டும் போட்டிருந்தால்தான் கம்பி வேலை செய்யும். கையை உள்ளே விடுபவள் முதலில் தன் சுவிட்சை அணைக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு அக்கா தன் சுவிட்சைப் போட்டார். என் சுவிட்சைப் போட எனக்குக் கை வரவில்லை. பாய் அவசரப்படுத்தாமல் சுவரோரம் நின்றார். ஊசிகளுக்குக் கீழே ஒவ்வொரு தலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே அக்கா இருக்கும் முனைவரை போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "மெதுவாப் போ கண்ணு," என்றார். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டேன்.