வலப்பக்கத்து சீட்டில் நான்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் பொம்மனஹள்ளியில் பழைய வெளிநாட்டுக் கார்கள் வைத்திருந்த ஒருவரிடம் வண்டி துடைக்கும் வேலை பார்த்தேன். ஷெட்டில் இரண்டு கார்கள். ஒன்று இங்கிலாந்து வண்டி, மற்றது இத்தாலி வண்டி. இரண்டுமே நெடுந்தூரம் சொகுசாகவும் வேகமாகவும் போவதற்கென்று அறுபதுகளில் செய்தவை. ஷெட்டில் பாதியை இடத்துக்காரர் திருப்பிக் கேட்டதால் ஒன்றை விற்றாக வேண்டும். எதை என்று பார்க்க, ஒரு ஞாயிறு காலை இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓசூர் ரோட்டில் ஓட்டினார். பக்கத்தில் நான்.

முதலில் இங்கிலாந்து வண்டி. நீண்ட பானட், மெத்தென்ற தோல் சீட். கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது என்று முனகினார். சிக்னலில் நின்றபோதெல்லாம் டெம்பரேச்சர் முள் ஏறியது. இன்ஜின் கொதித்துவிடுமோ என்று பயந்தேன். ஆனாலும் முள்ளைப் பார்த்துப் பயப்படுவதோடு என் வேலை முடிந்தது.

இத்தாலி வண்டி தொட்டால் பாயும். அதன் சத்தம் முதுகெலும்புக்குள் கேட்கும். ஆனால் அதற்கு ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவருக்கு எதிர் ரோடு தெரியாது. வலப்பக்கம் இருக்கும் எனக்குத்தான் தெரியும். நான் சொன்னால்தான் அவர் முந்த முடியும்.

ஹெப்பகோடி தாண்டி ஒரு செங்கல் லாரி மறித்தது.

“ரோடு இருக்காப்பா?”

“பஸ் வருது சார்.”

பஸ் போயிற்று.

“இப்போ?”

“தூரத்துல ஏதோ வர்ற மாதிரி…”

“அது மாடுப்பா. மேயுது. லாரிக்காரன் செங்கல்ல இறக்குற வரைக்கும் பின்னாடியே போலாமா?”

வெட்கமாகிவிட்டது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். காலி.

“போலாம் சார்.”

பாதி லாரியைத் தாண்டியிருப்போம். எதிரே மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு டெம்போ முளைத்தது. “வேணாம் சார், வேணாம்” என்றேன். அவர் பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். டெம்போவின் காற்று என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது.

ரோட்டோரம் நிறுத்தி டீ வாங்கித் தந்தார்.

“எதை வெச்சுக்கலாம், சொல்லு.”

“இங்கிலாந்து வண்டி சார். அதுல நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல.”

வெகுநேரம் சிரித்தார். “இத்தாலிதான்பா. பக்கத்துல பயந்தாங்கொள்ளி இருக்குற வரைக்கும் எனக்கு ஆயுசு கெட்டி.”

இங்கிலாந்து வண்டியைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கொண்டுபோனார். நடந்ததைக் கேட்டு, வேறு வேலை பார் என்றாள் என் மனைவி. நானும் யோசித்தேன். நான் நின்றுவிட்டால் அந்த சீட்டில் இன்னொருவனை உட்கார வைப்பார். அவன் சரியாகப் பார்க்காமலே ‘போலாம்’ என்பான். அந்தப் பயமும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஞாயிறும் போய் உட்கார்ந்தேன்.